ஊர் நடுவே ஒரு வல்லூற்றுக் கூடு

சிபிச் சோழன் கதையை அறியாத தமிழ் மாணவர் இரார். அஞ்சி ஓடிவந்த புறாவுக்கு அடைக்கலம் தந்து, அதன் எடைக்கு எடை தன் தசையை அரிந்து கொடுத்தான் அம் மன்னன். அக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் புறாவின் பக்கம் நிற்கிறது. அல்லது மன்னன் பக்கம் நிற்கிறது. துரத்தி வந்த பருந்தைப்பற்றி நாம் எண்ணுவதே இல்லை. ஆயினும் கதையில் அப் பருந்தும் வாய் திறந்து பேசுகிறது. புறா தனக்கு இயற்கை வகுத்த உணவு என்றும், அதைத் தடுத்தால் தானும் தன் குஞ்சுகளும் பட்டினியால் மடிய நேரும் என்றும் அது முறையிடுகிறது. அம் முறையீட்டை மன்னன் பொய்யென்று தள்ளவில்லை. பருந்துக்கும் பசி உண்டு, பிள்ளை உண்டு என்பதை ஒப்புக்கொண்டதனாலன்றோ அவன் தன் தசையையே கொடுக்கத் துணிந்தான்? இன்று நான் பேசப் புகுவது அந்தப் பருந்தினத்தின் பிள்ளைகளைப்பற்றியே.

இவற்றைக் காணக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் எருமப்பட்டி என்னும் பேரூர் இருக்கிறது. அடிவானில் கொல்லிமலை நீல நிறத்தில் நெடிது கிடக்கும். அம் மலையில்தான் வேட்டைப் பறவைகள் வாழும், ஊருக்குள் காக்கையும் மைனாவுமே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், பங்குனி, சித்திரை மாதங்களில் இச் சமவெளியின் ஊர்களில், தழைத்த வேம்பும் மாமரமும் புளியும் நிற்கும் இடங்களில், காலை வேளையில் சற்றே செவி கொடுத்து நில்லுங்கள். கூர்மையான ஒரு குரல், இரண்டு அசையாக, திரும்பத் திரும்பக் கேட்கும். உடனே அணிற்பிள்ளைகள் மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும். தவிட்டுக்குருவிகள் வேலிக்குள் பதுங்கிக் கூச்சலிடும். வல்லூறு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு. ஒரு செய்தியையும் சொல்லி வைக்கிறேன்: கரிச்சான்குருவி இக் குரலைப் போலவே கத்திப் பிற பறவைகளை ஏமாற்ற வல்லது. ஆகவே, குரலை மட்டும் நம்பிக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். பறவையைக் கண்ணால் கண்டபின் எழுதுங்கள்.

வல்லூறு உருவத்தில் புறாவை ஒத்தது. ஆணின் முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்பு நிறக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும், கண் சிவந்திருக்கும். பெண் அதனினும் பெரியது. வேட்டையாடும் பறவைகள் பலவற்றில் பெண்ணே பெரிதாயிருப்பதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் யாது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். கூட்டின் நடைமுறையைப் பார்ப்பவருக்கோ, இந்த அமைப்பின் பயன் கண்ணெதிரே தெரியும். சிறிய ஆண் விரைந்து திரும்பிச் சிறிய இரைகளைப் பிடித்து வருகிறது. பெரிய பெண் கூட்டில் இருந்து முட்டையைக் காக்கிறது.

கூடு என்றேனே, அதைக் கண்டால் நீங்கள் ஏமாற்றமே அடைவீர்கள். தூக்கணாங்குருவியின் கைத்திறன் இங்கே இல்லை. காக்கைக் கூட்டைப் போலச் சுள்ளிகளை அடுக்கிய ஒரு தட்டு. நடுவில் சிறிது புல். அவ்வளவே. அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். அடைகாக்கும் காலம் ஏறத்தாழ மூன்று வாரம். இந்த மூன்று வாரமும் பார்ப்பவருக்குப் பெரும் சோதனை. பார்ப்பதற்கு ஒன்றுமே இராது. கூட்டின் விளிம்புக்குமேல் ஒரு வால் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலர் இங்கேயே கைவிட்டுவிடுகின்றனர்.

பிறகு ஒரு நாள் எல்லாம் மாறுகிறது. ஆண் பறவை இரையுடன் வந்து, கூட்டுக்குச் செல்லாமல் அருகிலுள்ள கிளையில் அமர்ந்து குரல் கொடுக்கும். பெண் எழுந்து சென்று இரையை வாங்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும். திரும்பியதும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி எடுக்கும். முட்டை பொரிந்துவிட்டது என்பதற்கு அந்தத் தலையசைவே சான்று. ஓணானையோ சுண்டெலியையோ தன் கொக்கி போன்ற அலகினால் நாரளவு கிழித்து, வெண்பஞ்சுத் தூவி போர்த்த குஞ்சின் வாயருகே நீட்டுகிறது. இரையின் தசையைக் கிழிக்கும் அந்த அலகு, இங்கே எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது! குஞ்சு வாங்கத் தவறினால் காத்திருக்கிறது; மீண்டும் நீட்டுகிறது; அதுவும் தவறினால் தானே விழுங்கிவிட்டு மறு துண்டைக் கிழிக்கிறது.

இதைக் கண்டு மனம் உருகும் நாம், மற்றொன்றையும் கண்டுதான் ஆகவேண்டும். முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் பிறந்த குஞ்சு ஓரிரு நாள் மூப்பினால் வலுப்பெற்று நிற்கும். இரை மிகுந்த காலத்தில் எல்லாக் குஞ்சுகளும் பிழைக்கும். இரை குறைந்தால் மூத்தவை உண்டு கொழுக்க, கடைக்குட்டி மெலிந்து, ஒரு நாள் காணாமற் போகும். தாய் அதற்குத் தனியாக ஊட்டுவதில்லை. இதைக் கொடுமை என்று சொல்லத் தோன்றும். மூன்று குஞ்சுகளுக்குப் போதாத இரையை மூன்றாகப் பங்கிட்டால் மூன்றும் மடியும் என்னும் கணக்கு அக் கூட்டில் நடக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு விளங்குகிறது. ஆனால், மெலிந்த குஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாகிவிடவில்லை.

எருமப்பட்டியில் முதியவர் ஒருவர், இவ்வகைக் கூடு ஒன்றைக் காட்டியபோது, 'கோழிக்குஞ்சைத் தூக்குகிற சாதியாயிற்றே, கலைத்து விடுங்கள்' என்றார். அவர் சொல்லை நகைத்து ஒதுக்க முடியாது. வீட்டு முற்றத்தில் தாய்க்கோழி குஞ்சுகளோடு கிளறித் திரிந்த காலத்தில், ஒரு குஞ்சு போவது அவ் வீட்டுப் பெண்ணுக்கு உண்மையான இழப்பு. 'பருந்து, பருந்து' என்று கூவிக்கொண்டு முறத்தோடு ஓடிவந்த பாட்டியர் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. ஆனால், நாமக்கல் வட்டாரத்தின் கோழிகள் இன்று எங்கே இருக்கின்றன? உயர்த்திக் கட்டிய கொட்டகைகளில், கம்பிக் கூண்டுகளில் இருக்கின்றன. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகளை நாட்டுக்கு அனுப்பும் அப் பண்ணைகளுக்குள் எந்த வல்லூறும் புகமுடியாது. பண்ணைக்காரர்க்குத் தொல்லை தருவது தீவன மூட்டையைக் குடையும் எலியே. அந்த எலியைத் தின்னும் பறவைகளுள் ஒன்றுதான் கூட்டில் இருக்கிறது. முற்றத்தில் இன்னமும் நாட்டுக்கோழி வளர்ப்போர், குஞ்சு சிறிதாயிருக்கும் சில வாரங்களுக்குப் பஞ்சாரத்தால் மூடிவைத்தால் போதும். நம் முன்னோர் கண்ட வழி அது.

எலியைப்பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் விடலாகாது. எலிக்கு நஞ்சு வைக்கிறோம். இன்று விற்கும் நஞ்சுகளுள் சில, உண்ட எலியை உடனே கொல்வதில்லை. குருதி உறையாமற் செய்து, சில நாட்களில் மெல்லக் கொல்கின்றன. அந்த இடைவெளியில் தள்ளாடித் திரியும் எலியே பருந்துக்கும் கூகைக்கும் எளிதில் அகப்படும். தந்தை பிடித்து, தாய் கிழித்து, குஞ்சின் வாயில் வைக்கும் துண்டில் நாம் வைத்த நஞ்சு சேர்ந்தே போகிறது.

உலகம் இப் பாடத்தை ஒருமுறை பெரிய அளவில் கற்றது. வட அமெரிக்காவில், மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் இரைமேல் பாயும் பொரி வல்லூறு, நகரக் கட்டடங்களைப் பாறை என்று கொண்டு குடியேறியது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், சன்லைஃப் என்னும் வானளாவிய கட்டடத்தின் விளிம்பில் 1936 முதல் 1952 வரை ஒரு பெண் பறவை வாழ்ந்தது. இவ் வினம் கூடு கட்டுவதில்லை. மண்ணைச் சிறிது பள்ளமாக்கி முட்டையிடும். வெறும் கல் விளிம்பில் முட்டை நிலைக்கவில்லை என்பது கண்டு, பறவை அன்பர்கள் சரளை பரப்பிய தட்டு ஒன்றை அங்கே வைத்தனர். அதன்பின் குஞ்சுகள் பிழைத்தன. ஆனால், இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி எங்கும் பரவியது. பூச்சியைச் சிறு பறவை தின்ன, சிறு பறவையை வல்லூறு தின்ன, படிப்படியாக நஞ்சு திரண்டது. முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையாலேயே நொறுங்கியது. ஓடு மெலிந்ததை 1967இல் இங்கிலாந்தின் டெரெக் ராட்கிளிஃப், சேமிப்பிலிருந்த பழைய முட்டைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்த இனம் கூடமைப்பதே அற்றுப்போயிற்று. 1972இல் அந்நாடு டி.டி.டி.யின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. டாம் கேட் என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் கூண்டில் குஞ்சு பொரிக்கச் செய்து, காட்டிலும் நகரிலும் விட்டனர். 1999இல் அழிவுறும் இனங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. இன்று நியூயார்க்கின் பாலங்களிலும் கோபுரங்களிலும் அவை குஞ்சு வளர்க்கின்றன.

நம் நாட்டிலோ இதனினும் வியத்தகு காட்சி தில்லியில் இருக்கிறது. கரும்பருந்துகள் அம் மாநகரில் அமைக்கும் கூடுகளின் நெருக்கம், உலகில் இரைகொல்லிப் பறவைகளிடையே காணும் மிகப் பெரிய நெருக்கங்களுள் ஒன்று. பழைய தில்லியில் மக்கள் அறச் செயலாக வானில் எறியும் இறைச்சித் துண்டுகளும், நகரின் குப்பையும், பூங்கா மரங்களும் அவற்றை ஈர்க்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன உயிர் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அக் கூடுகளைக் கணக்கெடுத்து வந்திருக்கின்றனர். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் உறவினப் பருந்துகளும் அங்கே வந்து சேர்கின்றன. கூட்டில் குஞ்சு இருக்கும்போது மாடிக்கு ஏறுவோரின் தலையைக் குறிவைத்துப் பருந்து பாய்வதும் உண்டு. நகர மக்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பறவையைவிட வியப்பளிக்கிறது.

அங்கே குஞ்சைவிடத் தாய் தந்தையர்க்கே ஆபத்து மிகுதி. பட்டம் விடும் கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூல் சிறகை அறுத்துவிடுகிறது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வகை நூலுக்குத் தடை விதித்தது. எனினும் அறுபட்ட பறவைகள் வந்தவண்ணமே உள்ளன. முகம்மது சவூது, நதீம் ஷேசாத் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் இல்லத்தின் அடித்தளத்திலேயே அப் பறவைகளுக்குத் தையலிட்டுப் பேணிய வரலாறு, 2022இல் ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படத்தால் உலகறிந்ததாயிற்று.

மீண்டும் நம் ஊர் வேம்புக்கு வருவோம். குஞ்சு பார்க்க விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். மரத்தில் ஏறாதீர்கள். கூட்டுக்கு நேர்கீழே நில்லாமல் தொலைவில் அமருங்கள். தாய் உங்களையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். எழுந்து பின்னுக்குப் போங்கள். மரத்தடியில் வெண்மையான எச்சத் தெறிப்பும், பறித்தெறிந்த சிறகுகளும் கிடக்கும். பறவைகள் போனபின் அவற்றை ஆராய்ந்தால் என்ன உண்டன என்பது தெரியும். எந்நேரத்தில் எந்த இரை வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு கூட்டைத் தொடர்ந்து பார்த்து எழுதிய நாற்பது நாள் குறிப்பு, நூறு பறவைகளின் பெயர்ப்பட்டியலைவிட மதிப்புடையது என்பது என் கருத்து. படம் எடுத்து, கூடு இருக்கும் இடத்தை எல்லார்க்கும் அறிவித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும். உடனே பறந்துவிடா. கிளை கிளையாகத் தத்தும். சில வேளை தரையிலும் விழும். அப்போதுதான் நல்லெண்ணத்தாலேயே பெருந்தீங்கு நேர்கிறது. 'அநாதைக் குஞ்சு' என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று சோறும் பாலும் ஊட்டுவோர் உண்டு. அது அநாதையன்று, தாய் அருகிலேயே இருக்கும். நாயும் பூனையும் எட்டாத கிளையொன்றில் வைத்துவிட்டு விலகினால், தாய் வந்து உணவு தரும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லவேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி, இப் பறவையைப் பிடிப்பதும், முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் குற்றம். மரத்தை வெட்டியே தீரவேண்டிய நிலை வந்தால்கூட, ஆனி முடியும்வரை பொறுத்தல் இயலாததன்று. சாலை இரண்டு மாதம் காத்திருக்கும், குஞ்சு காத்திராது.

பறக்கத் தொடங்கிய இளம் வல்லூறுகள் சில வாரம் அவ்விடத்திலேயே இருந்து, தாய் தந்தையரிடம் இரை கேட்டுக் கத்திக்கொண்டு, தும்பியையும் வெட்டுக்கிளியையும் பிடித்துப் பழகும். ஆடிக் காற்று கூட்டின் சுள்ளிகளைச் சிறிது சிறிதாக உதிர்த்துவிடும். அதன்பின் வயல்வெளி மின்கம்பத்தில், முதுகு பழுப்பாகவும், மார்பில் குறுக்காக அல்லாமல் நெடுக்காகக் கோடுகள் ஓடவும், மஞ்சள் கண்களோடு ஒரு சிறு வேட்டைப் பறவை அமர்ந்திருக்கக் கண்டால், அது இவ்வாண்டுக் குஞ்சு என்று அறிந்துகொள்ளலாம்.