கணக்குக் கேட்ட கன்சாஸ்

இந்த அறக்கட்டளை எவர் நினைவாக எழுந்ததோ, அந்தப் பெரியவர் ஊராட்சியின் வரவு செலவை வரி வரியாகப் படித்துவிட்டுக் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்டவர். அவரை நினைக்கையில் எனக்குத் தோன்றிய பொருள், கோதுமை விளையும் கன்சாஸ் மாநிலத்தின் 2022 ஆளுநர் தேர்தல். அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் வாக்கால் வருகிறவர். நம் முதலமைச்சருக்கு நிகரான பொறுப்பு அது.

1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் அங்கே வென்றதில்லை. அந்த மண்ணில்தான் அக்கட்சியின் லாரா கெல்லி இரண்டாம் முறையும் ஆளுநரானார்.

எப்படி? பத்தாண்டு பின்னால் போக வேண்டும். 2012இல் குடியரசுக் கட்சி ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டினார். பல தொழில் வருமானங்களுக்கு வரியே இல்லை என்றார். முதலீடு பெருகும், கஜானா நிரம்பும் என்பது கணக்கு. நிரம்பவில்லை. நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள். 2015இல் பணம் போதாமல் சில பள்ளிகள் கோடை விடுமுறையை முன்கூட்டியே விட்டன. ஒரு வரிக் கொள்கையின் விளைவு, பள்ளிக்கூடத்தின் பூட்டிய கதவாக வந்து நின்றது! 2017இல் அவருடைய கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவரது மறுப்பையும் மீறி அந்த வெட்டை நீக்கியது. அடுத்த ஆண்டு கெல்லி வந்தார். பள்ளிகளுக்கு முழு நிதி என்பதே அவருடைய முதல் பேச்சு.

2022இல் எதிரே நின்றவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் டெரெக் ஷ்மித். கெல்லியை அதிபர் பைடனோடு சேர்த்துக் கட்டுவதே அவர் பிரசாரம். கெல்லியோ ஒரு விளம்பரத்தில் சாலையின் நட்டநடுவில் நின்று பேசினார். நான் எந்தப் பக்கமும் சாயாதவள் என்பதைக் கண்ணால் காணவைத்த காட்சி அது.

மளிகை ரசீதுக்கு வருகிறேன். அப்போது அங்கே 100 டாலருக்கு அரிசியும் பாலும் வாங்கினால் மாநில வரி மட்டும் ஆறரை டாலர். ஏழைக்கும் அதே விகிதம். இதை ஒழிக்க வேண்டும் என்பதில் இரு வேட்பாளர்களும் ஒன்றே. இது ஒருவர் சாதனை மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஜூலையிலேயே நீக்கச் சொன்னார் கெல்லி. சட்டமன்றமோ தேர்தலுக்குப் பிறகு, படிப்படியாக என்றது. அவர் கையெழுத்திட்டார்.

கெல்லி வென்ற வித்தியாசம் சுமார் 22,000 வாக்கு. சுயேச்சை டென்னிஸ் பைல் பிரித்தது 20,000 சொச்சம். அதே வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜெர்ரி மோரன் 60 சதவீதம் வாங்கினார். அப்படியென்றால், ஒரே சீட்டில் மோரனுக்கு ஒரு வட்டத்தையும் கெல்லிக்கு ஒரு வட்டத்தையும் நிரப்பிய கைகள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கின்றன. என் மதிப்பெல்லாம் அந்தக் கைகளுக்குத்தான்.

அரிசிக்கும் பாலுக்குமான அந்த வரி 2023இல் 4 சதவீதமானது. மறு ஆண்டு 2. 2025 ஜனவரி 1 முதல் மாநிலத்தின் பங்கு பூஜ்யம். ஊர், மாவட்ட வரிகள் மட்டும் ரசீதின் அடியில் இன்னும் நிற்கின்றன.