கண்ணோயும் கைத்துண்டும்



கண்ணோய் வந்தவரைப் பார்த்தாலே நமக்கும் தொற்றிக்கொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இது உண்மைதானா என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிவந்த கண்களோடு வந்தாள். ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த நம்பிக்கையிலேயே அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. முகம் கழுவும் இடத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரே துண்டு தொங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பாதி வகுப்புக்குக் கண் சிவந்துவிட்டது.

வெள்ளை விழியையும் இமைகளின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதில் ஏற்படும் அழற்சியே கண்ணோய். பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே இதற்குக் காரணம். நோயாளி கண்ணைக் கசக்கும்போது கிருமி கைக்கு வருகிறது. கையிலிருந்து துண்டுக்கும், தலையணைக்கும், கதவுக் கைப்பிடிக்கும் போய், அடுத்தவர் கைவழியே அவர் கண்ணை அடைகிறது. பார்வையால் பரவுவதில்லை.

1969-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கண்ணில் இரத்தம் கட்டும் கடுமையான கண்ணோய் தோன்றியது. மனிதன் நிலவில் இறங்கிய காலமாதலால், மக்கள் அதனை 'அப்போலோ நோய்' என்றே அழைத்தார்கள். மறு ஆண்டே அவ்வகை நோய் சிங்கப்பூரில் பெருவாரியாகப் பரவியது.

வைரஸால் வரும் கண்ணோய் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். ஆன்டிபயாடிக் மருந்து அதற்குப் பயன்படாது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பீளையைத் துடைக்கலாம். ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சை மறு கண்ணில் வைக்கக் கூடாது. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடுவது நம்மவரிடையே உள்ள பழக்கம். அவற்றோடு புதிய கிருமிகளும் கண்ணுக்குள் போகக்கூடும். அடுத்த வீட்டாரின் மிச்ச மருந்தும் வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மருத்துவர் சொல்லாமல் அதை விட்டால் பார்வைக்கே கேடு வரலாம்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைக் காண முடியாத கூச்சம், கெட்டியான மஞ்சள் பீளை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பிறந்த குழந்தையின் கண் சிவந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எங்கள் பள்ளியில் அந்தத் துண்டை எடுத்துவிட்டோம். குழாயடியில் சவர்க்காரம் வைத்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவந்தார்கள். கண் சிவந்த பிள்ளைகளை நீர்வடிதல் நிற்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னோம். குணமாகித் திரும்பிய அந்த மாணவியை அவளுடைய பழைய இடத்தில் அமர்த்தி, தவறு எங்களுடையது என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னோம். அன்றுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நேயர்களே, இன்றே உங்கள் வீட்டில் எத்தனை துண்டுகள் தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.