அபாயநிலை நோயாளரைப் பேணும் தாதியர்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இவ்வாண்டு தாதியர் கல்லூரிகளிற் சேர்ந்து, உபகாரச் சம்பளம் பெறுதற்பொருட்டு இங்கு வந்திருக்கும் செல்விகளே!

சொல்வன்மை சிறிதும் இல்லாத எம்மை இம்மேடையில் நிறுத்தியது சங்கத்தாரின் அன்பேயன்றி எமது தகுதியன்று. யாம் இருபத்தாறு ஆண்டுகள் வைத்தியசாலைகளில், அவற்றுள்ளும் பெரும்பகுதி 'ஐ.சி.யு.' என்று நீவிர் கேள்வியுற்றிருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில், தாதியாய் ஊழியம் புரிந்தேம். யாம் பேசிப் பழகிய இடம் நோயாளியின் செவியருகு. ஆண்டு உரத்துப் பேசுதல் வழக்கமன்று. ஆதலின் பின்வரிசையில் வீற்றிருப்போர் எம் குரலின் சிறுமையைப் பொறுத்தருள்க.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. தீர்ப்பவனைப் புகழ்வார் பலர். மருந்தின் விலையைப் பேசாதார் இலர். நான்காங் கூறாகிய தாதியைப் பற்றிப் பேசுவாரோ மிக அரியர். அக்குறையைச் சிறிது நீக்கவே யாம் ஈண்டு நிற்கின்றேம்.

தாதியர் தொழிலுக்குப் புத்துயிர் அளித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 38 பெண்டிரோடு ஸ்குடாரி போர் மருத்துவமனையை அடைந்த வரலாறும், 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளி நிறுவிய வரலாறும் நீவிர் பள்ளியிற் கற்றனவே. விரித்தல் வேண்டா. அபாயநிலை நோயாளருக்கென்று தனியிடம் அமைந்த வரலாறோ நம்மவரிற் பலர் அறியாதது. அது கேட்கத்தக்கது.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோய்போற் பரவிற்று. பிளெக்டாம் என்னும் மருத்துவமனைக்கு நாள்தோறும் குழந்தைகள் வந்து குவிந்தனர். மூச்சுத் தசைகள் செயலற்றுப்போன நோயாளருள் நூற்றுக்கு எண்பதின்மேற்பட்டோர் மாண்டனர். மூச்சு ஊட்டும் பொறிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கனவே. அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டலாம் என்றார். ஆகஸ்டு மாதத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அங்ஙனம் செய்து காட்டினார், அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அக்குழந்தைகளின் அருகமர்ந்து பையை அமுக்கினர். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. மறு ஆண்டு, 1953 டிசம்பரில், அவ்வைத்தியரே அந்நகரின் வேறொரு மருத்துவமனையில் இத்தகையோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார்.

இதனை யாம் விரித்தமைக்குக் காரணம் உண்டு. இன்று 'வெண்டிலேட்டர்' என்னும் பொறி செய்யும் வேலையை முதலில் மனிதக் கையே செய்தது. பையை அமுக்கியவர் அக்குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கினர். பொறி வந்தபின் கை ஓய்ந்தது; முகத்தைப் பார்க்கும் கடமை ஓய்ந்ததில்லை. ஆயினும் புதிதாய் வரும் பெண் முதலில் மானிட்டரையே பார்க்கின்றாள். அவளைக் குறைகூறுதல் தகாது. எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மணியோசைகள் ஓயாது ஒலிக்கின்றன. எது பொய்யோசை, எது மெய்யோசை என்று அவளுக்குத் தெரியாது. கண்ணை எடுத்து நோயாளியின்மேல் வைக்க அவளுக்கு ஒருவர் கற்பித்தல் வேண்டும்.

எமக்குக் கற்பித்தவர் ஒரு மூத்த தாதி. அவர் பெயரைச் சொல்லுதல் அவருக்கே பிடியாது. யாம் பணியிற் சேர்ந்த இரண்டாம் திங்களில், வெண்டிலேட்டரிற் கிடந்த முதிய குடியானவர் ஒருவர் வலக்கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். குழாய் குரல்நாண்களின் ஊடே செல்வதாகலின், அந்நிலையில் நோயாளி ஒருசொல்லும் பேச இயலாது. குழாயைப் பிடுங்க எத்தனிக்கின்றார் என்றெண்ணிய யாம் இரு மணிக்கட்டையும் துணியாற் கட்டினேம். மூத்தவர் வந்தார், கட்டைப் பார்த்தார், எம்மை ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, நான் சிஸ்டர். இப்போது வியாழக்கிழமை காலை பத்து மணி. உங்கள் கையை அவிழ்க்கிறேன்" என்று அவர் செவியிற் கூறி அவிழ்த்து, அட்டையிற் செருகிய காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தார். நடுங்கிய கை நெடுநேரம் முயன்று 'மாடு' என்று எழுதிற்று. வீட்டிற் கட்டிய மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது யார் என்பதே அவர் கவலை! வெளியில் நின்ற மகனைக் கேட்டுவந்து, பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கின்றனர் என்று சொன்னவுடன் அக்கை அமைதியாய்க் கிடந்தது. மூத்தவர் பின்னர் எம்மைத் தேநீர் அருந்த அழைத்துப்போய், "குழாயைப் பிடுங்குபவரும் உண்டு, நீ அஞ்சியது பிழையன்று, ஆயினும் கட்டுமுன் கேள்" என்றார். அவ்வளவே அவர் உபதேசம்.

பரிவு என்பது கண்ணீர் வடித்தல் என்று பலர் கருதுகின்றனர். அபாயநிலைப் பிரிவில் அது பெரிதும் கைவேலையே. தொடுமுன் சொல்லித் தொடுதல்; இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கைப் புண் வாராமற் காத்தல்; வறண்ட வாயைத் துடைத்தல்; இமை மூடாத கண்ணுக்கு ஈரம் அளித்தல்; மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் பெட்டியிற் கிடவாது உரியவரைச் சேரச் செய்தல். மயக்கமருந்தாலும் நோயாலும் அறிவு தடுமாறிய நோயாளி சுவரிற் பூச்சி ஊர்வதாகவும், தம்மைச் சிறையிட்டதாகவும் காண்பதுண்டு. அவரிடம் நாளும் கிழமையும் சொல்லுதல் வீண்பேச்சன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளின் தாதியர், உணர்விழந்து கிடப்பார்பொருட்டு நாட்குறிப்பு எழுதிவைக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். இன்று நீர் விரலை அசைத்தீர், இன்று உம் மகள் வந்து பாடினாள் என்றிவ்வாறு எழுதுவர். தேறி எழுந்தவர் தாம் இழந்த நாட்களை அதனாற் பெறுகின்றார். காகிதமும் பேனாவும் அன்றி இதற்கு வேண்டுவது யாதுமில்லை.

நிற்க. இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லுகின்றேம்.

யாம் மூத்தவராய் ஆனபின், எம் பிரிவில் ஓர் இளம்பெண் சேர்ந்தாள். மூன்றாவது வாரம், இரவு டியூட்டி. அவள் பார்த்துவந்த நோயாளி, இரு சிறுபிள்ளைகளின் தாய், விடியுமுன் இறந்தார். அவ்வுடலைக் குளிப்பித்து, தலைவாரி, துணி சுற்றியவள் அப்பெண்ணே. முன்னம் அவள் பிணத்தைத் தொட்டறியாள். சுற்றி முடித்தவள் சுவரோரம் நின்று அழுதாள். எமக்கோ அடுத்த நோயாளி வாயிலில் வந்து நிற்கின்றார், படுக்கை வேண்டும். "ஐ.சி.யு.வில் அழுகிறவளுக்கு இடமில்லை, படுக்கையை ஒழி" என்று வைத்தியர்கள் முன்னிலையிற் கூறினேம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கையை ஒழித்தாள். வேலையிற் பிழை ஒன்றும் செய்யவில்லை. அத்திங்கள் முடிவில் விலகிப் போய்விட்டாள். இன்று ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதுகின்றாள் என்று கேள்வி. நல்ல கை அவளுடையது. ஊசி குத்தினால் நோயாளி முகம் சுளியார். அக்கையை எம் ஒரு சொல் வீணாக்கிற்று. எமக்கு மாட்டின் கதையைக் கற்பித்தவர் அன்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று பல இரவுகள் எண்ணியதுண்டு. படுக்கையைத் தாமே ஒழித்திருப்பார்.

இது எம் ஒருவரின் குற்றம் மட்டுமன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேம். அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் என்னும் அம்மையார், பள்ளியிற் கற்றதற்கும் வார்டிற் காண்பதற்கும் உள்ள இடைவெளியால் இளந்தாதியர் அடையும் அதிர்ச்சியையும், அதனால் அவர் தொழிலைத் துறப்பதையும் 1974-இல் ஒரு நூலாக எழுதினார். மூத்த தாதியர் தம் குஞ்சுகளைத் தாமே விழுங்குகின்றனரோ என்று ஜூடித் மைஸ்னர் என்பார் 1986-இல் வினவினார். வினா கடுமையானது, எம் உள்ளத்திற் சரியாய்த் தைத்தது. பட்ரீஷியா பென்னர் அம்மையார் 1984-இல் வெளியிட்ட நூலில், தாதி புதியவள் நிலையினின்று வல்லவள் நிலைக்கு ஐந்து படிகளாய் ஏறுகின்றாள் என்றார். புதியவள் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றாள். வல்லவளோ நோயாளியைக் கண்டவுடன் 'ஏதோ சரியில்லை' என்று உணர்கின்றாள். அவ்வுணர்வைப் புத்தகம் கொடாது. அருகே ஒருவர் நின்று, "இவர் நெற்றி வியர்வையைப் பார், ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, இனி இறங்கும்" என்று காட்டக் காட்டவே வரும்.

அப்பெண் போனபின் எம் பிரிவிற் சிலவற்றை மாற்றினேம். புதியவளை முதற்சில வாரங்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஒரே மூத்தவரோடு அவளை இணைத்தேம். பிழை கண்டால் தனியே அழைத்துச் சொல்வது. உயிருக்கு அபாயமாயின் மட்டும் அக்கணமே கையைத் தடுப்பது. நோயாளி இறந்தால், படுக்கைக்கு எத்தனை பேர் காத்திருப்பினும், சூழ நின்றோர் ஒரு நிமிடம் மௌனமாய் நிற்பது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்னும் ஆண்தாதி ஒருவர் பரப்பிய வழக்கம் இது. எம் மேலதிகாரிகள் முதலில் நேரம் வீண் என்றனர். பின் அவர்களும் வந்து நின்றனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனா காலத்தில், உறவினர் உள்ளே வரலாகாதென்றிருந்தபோது, கைப்பேசியை இறப்பார் முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றவர் பெரும்பாலும் இளந்தாதியரே. அந்த ஒரு நிமிடம் இல்லையேல் அவருட் பலர் நிலைத்திரார் என்பது எம் துணிபு.

நிர்வாகத்தாருக்கும் ஒரு சொல். பொறியிற் கிடக்கும் நோயாளி ஒருவருக்குத் தாதி ஒருத்தி என்பதே முறை. நால்வரை ஒருத்தியிடம் ஒப்புவித்துவிட்டு, அவள் முகத்திற் சிரிப்பில்லை என்று குறைகூறுதல் நியாயமாகுமா?

தாய்மார்களே, நும்மிடமும் ஒன்று கேட்கின்றேம். இரவுப் பணி செய்யும் பெண் வேண்டா என்று சம்பந்தம் பேசுவோர் நம்முள் இன்னும் உளர். அவர் வீட்டில் ஒருவர் நெஞ்சுவலியால் நள்ளிரவிற் கொண்டுசெல்லப்படும்போது, அங்கே விழித்திருப்பவள் யார் வீட்டுப் பெண் என்று அவர் கேட்டதுண்டோ? நும் மகள் இரவு டியூட்டி முடித்து வந்தால், அவள் உறங்கி எழுந்தபின் அருகமர்ந்து, நேற்று என்ன நடந்தது என்று ஒருமுறை கேண்மின். அவள் சொல்லாவிடினும் கேண்மின்.

செல்விகளே, நேரமாகிவிட்டது. கூட்டம் கலைந்தபின் யாம் மேடையின் இடப்புறம் இருப்பேம். எம் தொலைபேசி எண்ணைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வந்திருக்கின்றேம், ஆளுக்கொன்று பெற்றுக்கொள்ளுங்கள். முதல் நோயாளி இறக்கும் இரவில் மணி மூன்றாயினும் கூப்பிடலாம். யாம் இன்னும் அந்நேரத்தில் விழித்துக்கொள்ளும் வழக்கம் உடையேம்.