வேலைத்தலத்தில் நினைவும் கற்றல் வேறுபாடும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் அரச திணைக்களமொன்றின் கணக்குக் கிளைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் விடுதிப் பொறுப்புத் தாதி. வாட்டில் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மற்றவர் லண்டனில் கவுன்சில் அலுவலகமொன்றில் வேலை செய்கிறார். மேடையில் நிற்பது ஒருவரென்றாலும் பேசுவது மூவரும்தான். ஆகவே 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

மலர்க்குழுவினர் முதலில் பாடசாலை நினைவுகளை எழுதித் தரும்படிதான் கேட்டார்கள். நினைவைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால், நினைவில் வைத்திருப்பதும் வாசிப்பதும் கடினமாக உள்ளவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே எங்கள் விஷயம்.

எங்கள் காலத்தில் கெட்டிக்காரி என்றால் பாடமாக்கக் கூடியவள். தேவாரம், குறள், வாய்ப்பாடு, சரித்திர பாடத்து ஆண்டுகள் எல்லாவற்றையும் நின்ற நிலையில் ஒப்புவிக்க வேண்டும். அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. இந்தச் சபையில் பலருக்குப் பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தடங்காமல் வரும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுடைய சொல்வதெழுதல் கொப்பி முழுவதும் சிவப்பாயிருக்கும். றிப்போட்டில் 'கவனம் போதாது' என்று தவணைக்குத் தவணை எழுதப்படும். அவர்களில் ஒருத்திக்கு நாங்கள் பரீட்சைக்கு முன் பாடத்தை உரக்க வாசிப்போம். அவள் கேட்டே பாடமாக்கிவிடுவாள். ஒருமுறை கேட்டது போதும்; காற்புள்ளி பிசகாமல் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம்.

அவர்தான் எங்களில் லண்டனில் இருப்பவர். மகனுக்கு அங்கே பாடசாலையில் டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்தபோது, தாயையும் பரிசோதிக்கும்படி சொன்னார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

இது புதிதாக முளைத்த விஷயமில்லை. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தெற்குக் கரையிலுள்ள சீஃபோர்ட் என்ற ஊரின் வைத்தியர் பிரிங்கிள் மோர்கன், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். பையன் புத்திசாலி, விளையாட்டிலும் சுறுசுறுப்பு, ஆனால் வாசிக்க மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் இவன்தான் பாடசாலையின் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னதாகவும் அதில் இருக்கிறது. எங்கள் பாடசாலை தொடங்குவதற்கு முன்பே ஒரு வாத்தியார் இதைக் கண்டுகொண்டார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தமிழில் இது வேறுவிதமாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் குறைவு, ஆகவே பிள்ளை பிழையாக வாசிக்கும். தமிழில் எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிடும். ஆனால் மெதுவாக, களைத்துக் களைத்து வாசிக்கும். எழுதும்போது லகர ளகர ழகரமும், னகர ணகரமும் இடம்மாறும். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், காதை நம்பி எழுதுகிறவருக்கு இரட்டைச் சோதனை. பிழையாக வாசிக்காத பிள்ளையை 'சோம்பல்' என்று சொல்லிவிடுவது மிகவும் சுலபம்.

நினைவு விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பழையதை நினைவில் வைப்பது ஒன்று. இந்த நிமிடம் கேட்டதைக் கையில் ஏந்திக்கொண்டே வேலை செய்வது இன்னொன்று. பின்னதைச் செயல்படு நினைவு என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும் என்றார். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார்கள். சாதாரணமானவர்களுக்கே இவ்வளவுதான். சிலருக்கு இரண்டோடு நிரம்பிவிடும். குறள் முழுவதும் தெரிந்த ஒருவர், 'அந்த ஃபைலை எடுத்து, திகதியைப் பார்த்து, மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கி, வரும்போது அந்தக் கடிதத்தையும் கொண்டுவாரும்' என்று சொன்னால் தடுமாறலாம். இரண்டும் ஒரே நினைவு இல்லை.

கணக்குக் கிளைக்கு ஒரு முகாமைத்துவ உதவியாளர் வந்தார். போட்டிப் பரீட்சையில் நல்ல புள்ளி. ஆனால் காலையில் ஐந்து வேலை சொன்னால் பின்னேரம் இரண்டுதான் முடிந்திருக்கும். 1,847 என்ற தொகை பேரேட்டில் 1,487 ஆகிவிடும். உறுதிச்சீட்டுகள் திரும்பி வந்தன. தகுதிகாண் காலம் முடிய ஒரு வருடமும் சொச்சமும் இருந்தது. பதவியில் உறுதிப்படுத்த முடியாது என்று கடிதம் எழுதலாம் என்ற பேச்சும் தொடங்கியிருந்தது. தகப்பன் இல்லாத வீடு, இரண்டு தம்பிமார் படிக்கிறார்கள், வேலை போனால் அடுத்த மாதச் சாப்பாடு போகும்.

கூப்பிட்டு இருத்திக் கேட்டோம்: "பிள்ளை, உமக்கு எந்த இடத்தில கஷ்டமாயிருக்கு?"

"மிஸ், நீங்கள் சொல்லேக்க எல்லாம் விளங்குது. மேசைக்குப் போக முதல் பாதி போயிடுது."

இந்த ஒரு வசனத்துக்குப் பிறகு செய்ய வேண்டியது தெளிவாயிருந்தது. வாயால் வேலை சொல்வதை நிறுத்தி, ஒரு சிஆர் கொப்பி வைத்தோம். வேலையை அதில் எழுதுவது, முடித்ததும் கோடு போடுவது. தொகைகளை இரண்டு இரண்டு இலக்கமாக உரத்து வாசித்துப் பதிவது. பிறகு பக்கத்து மேசைக்காரர் பேரேட்டைப் பார்த்துத் திருப்பி வாசிப்பது. வரி பிசகாமல் இருக்க அடிமட்டத்தை வைத்துக்கொள்வது. மேசையைக் கவுண்டருக்குப் பக்கத்திலிருந்து யன்னல் மூலைக்கு மாற்றினோம். ஒவ்வொரு முறை யாராவது வந்து கேள்வி கேட்டபோதும் கூட்டல் அறுந்துபோனது என்று அவரே சொன்னார். எல்லாவற்றுக்கும் செலவு ஒரு கொப்பியும் ஒரு அடிமட்டமும்.

எல்லாம் சரிவரவில்லை. தொலைபேசி வேலையை மாதக்கணக்கில் முயன்றோம். அது அவருக்கு ஒத்துவரவேயில்லை. கேட்டுக்கொண்டே எழுதுவது கடினம். அதை இன்னொருவருக்குக் கொடுத்து, பதிலாக மாதாந்த இணக்கக் கூற்றுகளை இவரிடம் கொடுத்தோம். அப்போதுதான் கிளையில் முணுமுணுப்பு வந்தது. "அவவுக்கு மட்டும் என்ன சலுகை?" நியாயமான கேள்விதான். கண்ணாடி போட்டவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லி ஆட்களின் வாயை அடைப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. கேட்டவர் உண்மையிலேயே அதிக தொலைபேசி அழைப்புகளை எடுக்கவேண்டி வந்தது. ஆகவே அவருடைய மற்ற வேலையில் ஒன்றைக் கழித்தோம். ஒருவருக்கு இடம் கொடுக்கும்போது அந்தப் பாரம் அடுத்த மேசைக்குப் போகாமல் பார்ப்பதும் பொறுப்பானவரின் வேலை. இதைச் செய்யாததால்தான் பல இடங்களில் நல்ல ஏற்பாடுகள் ஆறு மாதத்தில் கெட்டுப்போகின்றன.

அந்தப் பிள்ளை உறுதிப்படுத்தப்பட்டார். தடைதாண்டல் பரீட்சையும் சித்தி. திரும்பி வாசிக்கும் வழக்கம் கிளை முழுவதுக்கும் பரவியது. திரும்பி வரும் உறுதிச்சீட்டுகளும் குறைந்தன. பிழை விட்டது அவர் மட்டுமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மனித நினைவை நம்பி ஆபத்தான வேலையைச் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டவர்களில் விமானிகள் முக்கியமானவர்கள். 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழுந்ததும் விழுந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. சுக்கானைப் பூட்டி வைத்திருந்த பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு 19 விடயங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. லண்டன், ரொறன்ரோ, புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் அறிக்கை வந்தது. அந்தக் கூடங்களில் நின்றவர்கள் மறதிக்காரர்களா?

வாட்டில் நாங்கள் கண்டதையும் சொல்ல வேண்டும். எங்களுடன் கடமையாற்றிய தாதி ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தார். தலைமுடி வளர்ந்துவிட்டது, ஆனால் சொற்கள் நுனிநாக்கில் நின்றன. பாரமெடுக்கும்போது கேட்ட கட்டில் இலக்கம் மறந்தது. கீமோதெரபிக்குப் பிறகு இப்படி வருவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். பலருக்கு மாதங்கள் போகக் குறையும், சிலருக்கு நீண்டகாலம் இருக்கும். இங்கே நோயாளியின் உயிர் இருக்கிறது, பாவம் பார்த்து விட முடியாது. ஆகவே முதல் சில மாதங்கள் தனி இரவுக் கடமை இல்லை. இன்சுலின், ஹெப்பரின் போன்றவற்றை இருவர் பார்த்தே எடுப்பது. இது எல்லோருக்கும் இருக்கவேண்டிய விதிதான், அவருக்காக இறுக்கிப் பிடித்தோம். பாரங்கொடுப்பது கட்டிலருகே, எழுத்தில். தன் சட்டைப்பைக்குள் ஒரு சிறு கொப்பி வைத்திருந்தார். அதைக் கண்டு சிரித்த பயிற்சித் தாதியர் பிறகு தாங்களும் ஒன்று வாங்கினார்கள். இன்று அவர் மற்றவர்களைப் போலவே இரவுக் கடமை செய்கிறார். வரம்பைத் தளர்த்தாமலே ஆளைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வோம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி வேலை கொடுப்போர் நியாயமான மாற்றங்களைச் செய்யவேண்டும்; அதற்கான கருவிக்கும் பயிற்சிக்கும் உதவும் அரச திட்டமும் உண்டு. எங்கள் லண்டன் தோழிக்குக் கிடைத்தவை: கடிதங்களை வாசித்துக் காட்டும் மென்பொருள், கூட்டத்துக்கு முதல்நாளே நிகழ்ச்சி நிரல். அவ்வளவுதான். கேட்டே படித்தவர் மறுபடி கேட்டே படிக்கிறார். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை வேலைக்குச் சேர்க்கும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயம் வேலைத்தல மாற்றங்களைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் கணக்குக் கிளையில் யாரும் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. 'எந்த இடத்தில கஷ்டம்' என்ற கேள்விதான் திறந்தது.

பெரிய தடை, சொல்வதுதான். மகளுக்கு வாசிப்பில் சிக்கல் என்றால் கலியாணப் பேச்சில் வந்து நிற்குமோ என்று தாய்மார் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை மூடத்தனம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்; ஊர் அப்படித்தான் இருக்கிறது. வேலையில் சொன்னால் பதவி உயர்வு போகுமோ என்று பிள்ளை மறைக்கிறது. யுத்த காலத்தில் தலையில் காயம்பட்டவர்கள், பார்த்ததை மறக்க முடியாமல் இன்றையதை மறப்பவர்கள், பாடசாலை பாடசாலையாக இடம்பெயர்ந்து அடிப்படையையே தவறவிட்டவர்கள் இன்று அலுவலகங்களில் எங்கள் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெயர்கள் தவறிப்போவதை அனுபவித்த அக்காமாரும் இங்கே இருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் வைத்தியச் சான்றிதழ் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் சான்றிதழுக்குக் காத்திராமல், எழுதிக் கொடுப்பதையும் திரும்பி வாசிப்பதையும் எல்லோருக்குமான வழக்கமாக்கிவிட்டால், சொல்ல விரும்பாதவரும் அதன் கீழ் ஒதுங்கி நிற்கலாம். சொல்ல விரும்புகிறவர் சொல்லும்போது, அதை யாருக்கெல்லாம் தெரிவிக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

இங்கே அதிபர்களாகவும் முகாமையாளர்களாகவும் வீட்டில் ஒரு கடையை நடத்துபவர்களாகவும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளை இரண்டாம் முறை அதே கேள்வியைக் கேட்டால், மூன்றாம் முறைக்குக் காத்திராமல் ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் கொடுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்தோம், செயற்குழுவும் ஏற்றுக்கொண்டது. இனிமேல் பொதுக்கூட்ட அறிவித்தல்கள் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் வரும். அதே அறிவித்தல் குரல் பதிவாகவும் வட்ஸ்அப்பில் வரும். இந்த மலரின் கட்டுரைகளை ஒலிப்பதிவு செய்ய உயர்தர வகுப்பு மாணவிகள் முன்வந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் கேட்டுப் பெறலாம். தேநீருக்குப் பிறகு கலந்துரையாடல். கேள்விகளை வாயால் கேட்கலாம், எழுதியும் தரலாம். பேனையும் தாளும் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் வைத்திருக்கிறோம்.