காந்தப்புலமும் மோட்டார்த் தொழிலும்



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்டு நடந்துவரும் கழகத்தின் வெள்ளி விழாவில், உரிமைகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் பேசுவோர் பலர் உளர். நாம் காந்தத்தைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பிறப்பைப் பார்த்துத் தொழிலை விதித்த இந்நாட்டில், மோட்டாருக்குச் சுருள் கட்டுதல் எச்சாதியாருக்கும் குலத்தொழில் அன்று. மனுவுக்கு அத்தொழில் தெரியாது. ஆகவே அங்கே நமக்கு முன்பாகவே இடம்பிடித்து அமர்ந்திருப்போர் எவரும் இலர்.

காந்தம் நம் மாவட்டத்திற்குப் புதிய பொருளும் அன்று. அரூரை அடுத்த தீர்த்தமலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத்தாது உண்டு. சேலத்துக் கஞ்சமலையிலும் அதுவே உண்டு. மழை ஓய்ந்தபின் வாய்க்கால் ஓரத்தில் படியும் கருமணலைப் பழைய வானொலிப்பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தில் ஒட்டவைத்து விளையாடாத சிறுவர் யார்? அம்மணலை ஒரு காகிதத்தின்மேல் தூவிக் கீழே காந்தத்தை வைத்து, காகிதத்தை மெல்லத் தட்டுங்கள். மணல் வளைவு வளைவாக வரிசை கொள்ளும். காந்தத்தைச் சூழ்ந்துள்ள வெற்றிடத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அதனையே காந்தப்புலம் என்கிறோம்.

அந்த வளைவுகளைப் பொருட்படுத்தி ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. இலண்டன் நகரில் ஒரு கொல்லரின் மகனாக 1791இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பம். புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளாகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். பின்னர் டேவி என்னும் பேரறிஞரிடம் உதவியாளராகி ஐரோப்பாவெங்கும் பயணம் சென்றபோது, டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அம்மனிதர்தாம் 1831இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் சுருளில் மின்சாரம் ஓடுவதைக் கண்டார். காந்தம் அசையாது கிடந்தால் ஒன்றும் நிகழாது. புலம் மாறவேண்டும்; மாறினால்தான் மின்சாரம். இன்று உலகில் பெரும்பகுதி மின்சாரம் இவ்வொரு விதியினால் பிறப்பதே.

இவ்விதி நம் காவிரிக்கு வந்த கதையை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மைசூர் அரசு சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் அமைத்து 1902இல் மின்சாரத்தை அனுப்பியது. எங்கே அனுப்பியது? அருகிலிருந்த மைசூருக்கும் அன்று, பெங்களூருக்கும் அன்று. சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். அத்தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தோர் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற நம் மக்கள். இந்தியாவின் முதல் நெடுந்தொலைவு மின்பாதையின் மறுமுனையில் நின்றவர்கள் அவர்களே. எனினும் அம்மின்சாரம் தங்கத்திற்காக வந்தது, அவர்களுக்காக வரவில்லை. அவர்கள் சும்மா இருந்தாரில்லை. பண்டித அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை கண்டார்கள். 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழைப் படித்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. படித்த பிள்ளைகளின் வழிவந்தோர் பல ஊர்களில் பல பணிகளில் உள்ளனர்.

சிவசமுத்திரத்தில் காவிரி நீர் காந்தங்களைச் சுழற்றி மின்சாரம் தந்தது. அதே ஆறு கீழிறங்கி வரும் ஒகேனக்கல்லில் நிகழ்வதோ இதன் மறுதலை: மின்சாரம் காந்தப்புலத்தைச் சுழற்றி நீரை மேலேற்றுகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்பில் நோயும் கண்ட தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்காக அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அங்குள்ள பெரிய மோட்டாருக்கும் நம் ஊர்க் கிணற்று மோட்டாருக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

அத்தத்துவத்தைச் சற்று விரிவாகவே கூறுவோம். மோட்டாரின் வெளிக்கூட்டில் மூன்று தொகுதியாகச் சுருள்கள் கட்டப்பட்டுள்ளன. மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளும் ஒரே கணத்தில் உச்சம் அடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடைகின்றன. ஆகவே சுருள்களின் காந்தப்புலமும் ஓரிடத்தில் நில்லாது வட்டமாகச் சுற்றிவருகிறது. சுருள் அசையவில்லை, புலம் மட்டும் சுழல்கிறது! நொடிக்கு 50 அலைவுகள் கொண்ட நம் மின்சாரத்தில், நான்கு துருவ மோட்டாரின் புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுற்றும். நடுவிலுள்ள ரோட்டாரில் அப்புலம் மின்சாரத்தைத் தூண்ட, ரோட்டாரும் ஒரு காந்தமாகிப் புலத்தைத் துரத்தி ஓடுகிறது. ஆனால் எட்டிப் பிடிப்பதில்லை. ஏறத்தாழ 1440 சுற்றோடு சற்றுப் பின்தங்கியே ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாருக்குப் புலம் மாறாததாகிவிடும், மின்சாரம் பிறவாது, விசையும் இராது. பாரடேயின் விதி இங்கும் வந்து நிற்பதைக் காண்க.

இனி, மோட்டார் ஏன் எரிகிறது? ‘கரண்டு சரியில்லை’ என்பது ஊரார் விடை. அது பாதி உண்மை. மின்னழுத்தம் நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை எண்பதாகக் குறைவதில்லை. அறுபத்து நான்காகக் குறைகிறது. கிணற்றிலுள்ள நீரின் சுமையோ அவ்வாறு குறைந்து கொடுப்பதில்லை. ரோட்டார் மேலும் பின்தங்குகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, சுருள் சுடுகிறது. மூன்று முனைகளில் ஒன்று அறுந்தாலோ நிலை இன்னும் கொடிது. சுழலவேண்டிய புலம் ஓரிடத்திலேயே ஏறி இறங்கித் துடிக்கும். நின்ற மோட்டார் கிளம்பாது, உறுமிக்கொண்டே எரியும். ஓடும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எஞ்சிய இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்னோட்டம் பாயும். வெப்பம் மூன்று மடங்காகும். இரு முனை மட்டுமே வரும் நேரத்தில் கண்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் பரவியதை யாவரும் அறிவர். கண்டென்சர் ஒருவாறு புலத்தைச் சுழலச் செய்யும் என்பது மெய்யே. ஆயினும் அச்சுழற்சி சீரானதன்று. எரிந்த மோட்டார்கள் பட்டறைகளை நிரப்புகின்றன.

அப்பட்டறைகளில் நம் இளைஞர்களும் பணிபுரிகின்றனர். நம் பாட்டனார் கயிறு இறக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட கிணறுகள் இம்மாவட்டத்திலும் இருந்தன. இன்று அத்தகைய கிணற்றின் மோட்டார் நம் பிள்ளையின் மடியில் வைத்துச் சீர்செய்யப்படுகிறது. இதனை எண்ணி மகிழ்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். பழைய சுருளைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, அவ்வாறே திரும்பக் கட்டுவதோடு நம்மில் பலர் நின்றுவிடுவது ஏன்? முன்பு கட்டியவர் தவறாகக் கட்டியிருந்தால் அத்தவறும் அல்லவா திரும்பக் கட்டப்படுகிறது?

சுற்றுகளைக் குறைத்துக் கட்டினால் மோட்டாருக்கு வலிமை கூடும் என்று சிலர் கருதுகின்றனர். குறைத்தால் புலம் வலுப்பது உண்மை. ஆனால் இரும்பு ஓர் அளவுக்குமேல் புலத்தை ஏற்காது, தெவிட்டிவிடும். அதன்பின் மின்னோட்டம் வீணே ஏறி வெப்பமாகும். கூட்டிக் கட்டினால் புலம் மெலிந்து மோட்டார் சுமையை இழுக்காது. எரிந்த சுருளை எளிதில் உருவுவதற்காக மோட்டார்க்கூட்டை நெருப்பில் இடுவது மற்றொரு பிழை. உள்ளிருக்கும் இரும்பு ஒரே கட்டியன்று. அரை மில்லிமீட்டர் அளவுள்ள தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டின்மேலும் மின்காப்புப் பூச்சு உண்டு. இரும்புக்குள்ளேயே மின்சாரம் சுழன்று வீணாகாதிருக்க அமைந்த ஏற்பாடு அது. நெருப்பு மிஞ்சினால் பூச்சு கருகிவிடும். பிறகு எத்துணை நேர்த்தியாகச் சுருள் கட்டினாலும் அம்மோட்டார் சூடாகவே ஓடும். குற்றம் கட்டியவர்மேல் விழும்.

இவற்றைக் கணக்கிடப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை. 36 காடிகளும் நான்கு துருவங்களும் உடைய மோட்டாரில் ஒரு துருவத்திற்கு 9 காடி. முனைக்கு 3 காடி. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வோர் இக்கணக்கைச் சான்றிதழுக்காகப் படித்து மறந்துவிடாமல், பட்டறைச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பெண் பிள்ளைகளுக்கும் இதனைக் கூறுகிறோம். சுருள் கட்டுவதற்கு வேண்டியது விரலின் நுட்பமும் பொறுமையுமே.

கூட்டம் முடிந்தபின் அந்த மேசைக்கு வாருங்கள். ஓர் அலுமினியக் குழாயும், ஒரே அளவான ஓர் இரும்புத் துண்டும், சிறிய வலிய காந்தம் ஒன்றும் வைத்துள்ளோம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டுவதில்லை என்பதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயை நிமிர்த்திப் பிடித்து இரும்புத் துண்டை உள்ளே விடுங்கள். உடனே கீழே விழும். அடுத்துக் காந்தத்தை விடுங்கள். அது தயங்கித் தயங்கி இறங்கும். அதற்குக் காரணம் இன்றைய உரையிலேயே இருக்கிறது. உங்களுள் முதலில் கூறுபவர் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவராயின் நமக்கு இன்னும் மகிழ்ச்சி.