பலகைக்கு அடியில்



தேயிலை மலையில் வாழும் பாடசாலை அதிபர் ஒருவர் வள்ளத்தைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், 1985ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கொத்மலை அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், எங்கள் பள்ளத்தாக்கும் நீர்ப்பரப்பாயிற்று. 87 மீற்றர் உயரமான அவ்வணைக்குப் பின்னால் வயல்களும் கோயில்களும் மூழ்கின. மலைநாட்டவரும் வள்ளம் செலுத்தக் கற்றுக்கொண்டனர்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சிறிய கண்ணாடியிழை வள்ளம் ஒன்றை வைத்திருக்கிறார். சுக்கான் சக்கரமும் இயந்திர விசைகளும் பொருத்திய பெட்டி ஒன்று அதன் நடுவே உண்டு. அப்பெட்டியின் உட்தரைப் பலகைமேல்தான் மின்கலம் இருக்கும். ஓராண்டுக்கு முன் அப்பலகை சிறிது நெகிழ்வதாக அவர் சொன்னார். "மேலே ஒரு தகடு வைத்து வர்ணம் பூசிவிடு, தம்பி" என்றேன். அறியாமல் கூறிய அறிவுரை அது.

சென்ற சித்திரை விடுமுறைக்கு முன்னர், ஆட்களை ஏற்றிக்கொண்டு நீர் நடுவே செல்கையில் பலகை இடிந்தது. மின்கலம் சரிந்து கம்பி அறுந்து, இயந்திரம் நின்றது. துடுப்பு இருந்தமையால் கரை சேர்ந்தனர்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். தகடு புதிதாகவே இருந்தது. அதன் அடியிலிருந்த மரம் ஊறவைத்த ரொட்டியைப் போல விரல் பட்டதும் உதிர்ந்தது.

காரணம் என்ன? கண்ணாடியிழை உக்காது, அதனுள் வைக்கும் ஒட்டுப்பலகை உக்கும். மரத்தை உக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். உப்பு நீர் அதனைப் பெரிதும் தடுக்கும். நன்னீரோ அதற்கு வாய்ப்பானது. ஆகவே கடல் வள்ளத்தைவிட எங்கள் மழைநீர் தேங்கும் வள்ளத்துக்கே ஆபத்து மிகுதி. திருகாணித் துளை வழியே புகுந்த நீர் பலகையின் அடுக்குகளில் பரவிற்று. நான் வைக்கச் சொன்ன தகடு அந்நீரை உலரவிடாமல் மூடிக் காத்தது.

இனிப் பழுது நீக்கும் முறையைக் கூறுவேன். முதலில், பெற்றோல் ஆவி இருப்பின் அது நீங்கும்வரை காற்றோட்டம் விட வேண்டும். பெற்றோல் ஆவி இருப்பின் அது நீங்கும்வரை காற்றோட்டம் விட வேண்டும். பழைய பலகையை இயன்றவரை உடையாமல் எடுத்தால் அதுவே புதியதற்கு அச்சு. உதிர்ந்துவிட்டால் கடதாசி அட்டையை வெட்டி அளவு எடுக்கலாம். அடியிலுள்ள தாங்குகட்டைகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்று, மந்தமாக ஒலித்தால் அவற்றையும் சோதித்து, உக்கியவற்றை மாற்ற வேண்டும். பின்னர் உள்ளிடம் முழுவதும் நன்றாக உலரட்டும்.

நீரில் விடாத பசையால் ஆன கடல்தர ஒட்டுப்பலகையே ஏற்றது. அதுவும் மரமே, காப்பின்றேல் உக்கும். ஆதலால் இரு முகங்களுக்கும், சிறப்பாக வெட்டு விளிம்புகளுக்கும், எப்பொக்சிப் பிசினைப் பலமுறை பூச வேண்டும். திருகாணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்துப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே சிறு துளை இட்டால், நீர் மரத்தை எட்டாது. மலைக்குளிரில் பிசின் இறுகத் தாமதமாகும், அவசரப்படலாகாது. துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளையே இடுக. தேங்கும் நீர் வடிய வழியும், மின்கலத்தை இறுகக் கட்டப் பட்டியும் வேண்டும். கண்ணாடியிழையை அராவும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்க.

இவ்வேலை முடியப் பத்து நாள் சென்றது. விடுமுறைக் கூட்டமும் அதனால் வரும் வருமானமும் அந்நாள்களிலேயே கழிந்தன. "இன்னொரு தகடு வைத்தால் நாளைக்கே ஓட்டலாம், சேர்" என்றார் அவர். அவருடைய பிள்ளைகளின் பாடசாலைச் செலவை நான் அறிவேன். இருந்தும் இம்முறை வேண்டாம் என்றேன். அவரும் இசைந்தார்.

வேலை முடிந்த அன்று, அவர் அப்பலகையில் ஒரு சிறு மூடி வைத்திருப்பதைக் கண்டேன். ஏன் என்று வினவினேன். "மாதத்துக்கு ஒரு தடவை திறந்து அடியைப் பார்க்கத்தான், சேர்" என்றார். நான் அவருக்குச் சொல்லித் தராத பாடம் அது; நான் அவரிடம் கற்றேன்.