முளைப்பயறும் காமாக் கதிரும்

ஜோகூர்பாரு லார்க்கின் சந்தைக்குப் போனால் தவ்கே கண்ணில் படாமல் வர முடியாது. மீ ரெபுஸ் தட்டில் அது இல்லாவிட்டால் நமக்குத் திருப்தி ஏது? வீட்டிலோ பச்சைப்பயறும் வெந்தயமும் முளைகட்டி, உடம்புக்கு நல்லதென்று பச்சையாகவே சாப்பிடுகிறோம். சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆபத்தும் உண்டு.

விதையில் சில கிருமிகள் ஒட்டியிருந்தாலே போதும். முளை வருவதற்கான ஈரமும் வெதுவெதுப்பும் சல்மோனெல்லாவுக்கும் ஈகோலைக்கும் விருந்து மாதிரி. இரண்டு மூன்று நாளில் பெருகி, முளைக்கு உள்ளேயும் புகுந்துவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈகோலையால் ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் பழி விழுந்தது வெள்ளரிக்காய் மீது. பாவம், ஸ்பெயின் விவசாயிகள்!

மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இதற்கு ஒரு வழியை ஆராய்ந்தார்கள். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றின் முளைகளின் மேல் காமாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். 2 கிலோகிரே அளவில் சல்மோனெல்லா, லிஸ்டீரியா கிருமிகள் ஒழிந்தன. குளிரில் வைத்த முளைகளின் சத்திலும் சுவையிலும் பெரிய மாறுதல் இல்லை.

‘கதிர்’ என்றதும் பலருக்குப் பயம். கோபால்ட்-60 தரும் காமாக் கதிர் கிருமியின் மரபணுவைத் துண்டாக்குகிறது, அவ்வளவுதான். உணவு கதிரியக்கப் பொருளாக மாறாது. விளக்கை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் தங்குகிறதா? 2 கிலோகிரேயில் முளை சூடாவதுகூட அரை டிகிரி அளவுதான். அதனால்தான் வேகாமல், பச்சையாகவே இருக்கிறது. 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் நிபுணர் குழு 1980-லேயே சொல்லிவிட்டது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. பாங்கியில் சினாகாமா என்ற காமாக் கதிர்க் கூடம் 1989-இல் அமைந்தது. உணவுக் கதிரூட்டலுக்கென்று 2011-இல் விதிமுறைகளும் வந்தன.

ஆனால் திறந்த கூடையில் கொட்டி விற்கும் தவ்கேக்கு இது உதவாது. கதிர் பட்ட பிறகும் கை பட்டால் கிருமி மறுபடி ஏறும். மூடிய பொட்டலமும் குளிர்ப்பெட்டியும் கட்டாயம் வேண்டும். விலையும் கூடத்தான் செய்யும். அப்படிப்பட்ட பொட்டலம் கைக்குக் கிடைக்காதவரை கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வயதானவர்களுக்கு முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதும் போதாது, நன்றாக வேகவிடுங்கள்.